கதவை விடப் பெரிய மீன்

படிவத்தின் ஏழாம் கட்டம் கேட்கிறது:
பங்கேற்ற இளையோர் என்ன கற்றார்கள்?
நாற்பது சொற்களுக்கு மிகாமல்.

நிதி கொடுத்தவர்கள் நல்லவர்கள்.
கட்டம்தான் சின்னது.

சியாத்துராவில் நவம்பர்.
மாங்கனீசு கழுவிய நீரைக் குடித்துக் குடித்து
க்விரிலா ஆறு
அடுப்பில் மறந்த காப்பியாய் ஓடிக்கொண்டிருந்தது.
சுரங்கத் தொழிலாளர் மன்றத்துக்கு
ஒன்பது பேர் வந்தார்கள்,
அதில் ஐந்து பேர் ஹீட்டருக்காக.
மறைக்க என்ன இருக்கிறது,
நானும் சம்பளத்துக்காகத்தான்
திபிலிசியில் மினிபஸ் ஏறினேன்.

"இந்த ஆத்துல என்ன இல்ல?"
கையேட்டில் இருந்த கேள்வியைக் கேட்டேன்.
"மீன்" என்றாள் நுத்ஸா,
வாயில் பபிள்கம்மைப் புரட்டியபடி.
"அப்ப அதைச் செய்வோம்."
சொன்னது யார் என்று நினைவில்லை.
நான் இல்லை.

அறுந்த ரோப்கார் கம்பி முதுகெலும்பானது.
கிழிந்த குடைகள் தோலாயின.
எண்ணெய் பாட்டில்களை வெட்டிச் செதில் செய்தோம்,
ஆயிரம் வரை எண்ணி அலுத்துவிட்டோம்.
இனேஸா கம்பி வளைத்தால்
கம்பிக்கே அது பிடித்திருந்தது போலிருக்கும்.

பாச்சுக்கி எதிலும் சேரவில்லை.
கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவன்,
ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து
விரலில் நூல் சுற்றுவான், அவிழ்ப்பான்,
மறுபடி சுற்றுவான்.
வருகைப் பதிவில் மட்டும் அவன் பெயர் தவறாது.

வாரத்துக்கு ஒரு சாண் வளர்ந்தது மீன்.

ஊர்வலத்தன்று தெருவெல்லாம் ஆட்கள்.
ரொட்டிக்காரர் அடுப்பை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்.
உள்ளே நாங்கள்
நாலு மீட்டர் மீனைத் தூக்கிக்கொண்டு
வாசலுக்கு வந்தோம்.
வாசல் உயரம் இரண்டு மீட்டர்.
மீனின் வயிறு இரண்டு முப்பது.

அளக்க மறந்தவள் நான்.
'திட்ட மேலாளர்' என்று
கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்தவளும் நான்தான்.

யாரோ ரம்பம் கொண்டுவந்தார்கள்.
"தொட்டா கடிச்சிடுவேன்"
மீனுக்கு முன்னால் வந்து நின்றாள் இனேஸா.

அப்போதுதான் ஜன்னலிலிருந்து இறங்கினான் பாச்சுக்கி.
நூலின் ஒரு முனையை வாசலின் கீழ்மூலையில் மிதித்து
மறுமுனையை எதிர் மேல்மூலைக்கு இழுத்தான்.
முடிச்சுப் போட்டான்.
அதே நூலை மீனின் வயிற்றில் பிடித்தான்.
முடிச்சு வயிற்றைத் தாண்டி
ஒரு சாண் வெளியே தொங்கியது.

"நேரா போகாது" என்றான்.
"கோணலா போகும்."

கோணல்:
ஆறு வருஷமாய் அவன் நோட்டுகளில்
சிவப்பு மையில் எழுதப்பட்ட சொல்.

நுத்ஸா நம்பவில்லை.
கரித்துண்டை எடுத்துச் சுவரில் இறங்கினாள்.
இருநூறு இருநூறு நாற்பதாயிரம்.
அகலம் நூற்றறுபது; அதன் வர்க்கம்
இருபத்தையாயிரத்து அறுநூறு.
கூட்டினாள், அடித்தாள், வேரைத் தேடினாள்.
"இருநூத்தி ஐம்பத்தாறு...
அடப்பாவி, இது பாடத்துல வந்துச்சே!"
களவு போன தன் சைக்கிளை
அடுத்த தெருவில் பார்த்தவள் போல.

"மீனோட தடிமன்?" என்று கேட்டாள் இனேஸா.
அதற்கு எங்களில் யாருக்கும் சூத்திரம் தெரியாது.
இன்னும் கொஞ்சம், இல்லை, அந்தப் பக்கம்,
என் கால், என் கால்,
இப்போ இழு.

கர்ணத்தின் மேல் ஒரு கர்ணம் அடித்து
தெருவுக்கு வந்தது மீன்.
வலது துடுப்பு உள்ளேயே கழன்று விழுந்தது.
ஒரு நாய் குரைத்துவிட்டுத் தன் குரைப்புக்கே பயந்து ஓடியது.
பாலம் வரை போனோம். மழை பிடித்தது.
சாயம் கரைந்து எங்கள் சட்டைகளில் இறங்கியது.
ஆறு நிறம் மாறவில்லை.

திங்கட்கிழமை கணக்குத் தேர்வு.
பாச்சுக்கிக்குப் பத்துக்கு மூன்று.
தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான்.
ஐந்தாம் கேள்விக்கு விடை எழுதவில்லை.
அந்த இடத்தில் ஒரு கதவு,
அதில் சாய்வாய் ஒரு கோடு,
கோட்டின் மேல்நுனியில் ஒரு கண்.

ஏழாம் கட்டத்தில் எழுதினேன்:
கதவுச் சட்டத்தின் இடது மேல்மூலையில் நீலப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது.

ஏழு சொற்கள்.
மீதி முப்பத்து மூன்றில்
துடுப்பு ஒட்டப் பசைக்குப் பணம் கேட்டேன்.