டெலி லென்ஸுக்கு முன்

லோன் போடாதே, தாஜுதீன்.
நானூறு எம்.எம். இல்லாதவனுக்கும்
கோட்டூர் வாய்க்காலில்
நத்தைகுத்தி நாரை இறங்கத்தான் செய்கிறது.
பைக்கை மதகோடு நிறுத்து.
வரப்பில் அரை மணி குந்தியிரு,
போனை எடுக்காமல்.
அது கிட்ட வரும்.

ஐப்பசிக்குள் மூடி போட்ட டப்பா ஒன்று வாங்கு.
செருப்புக் கடையில் கேட்டால் சும்மா தருவார்கள்
சிலிக்கா ஜெல் பொட்டலம் பத்து.
நனைந்த கேமராவை நான் அரிசியில் புதைத்தேன்.
இந்த ஊர்க்காரிக்கு வேறென்ன தோன்றும்?
மூன்று வருஷமாகிறது,
ஜூமைத் திருகினால் பொன்னித் தவிடு
இன்னும் நறநறக்கிறது.

நீர் கட்டிய வயலில் மீட்டரை நம்பாதே.
கீழேயும் வானம் கிடக்கிறது அங்கே,
முகங்கள் கறுத்துவிடும்.
ஒரு ஸ்டாப் ஏற்று.

முகங்கள் என்றேனே,
அதுவே பிந்தித் தெரிந்ததுதான்.
நாலு வருஷ நடவைச் சாலையில் நின்றே எடுத்திருந்தேன்.
குனிந்த முதுகுகள், வரிசை, பச்சை,
எல்லாம் நல்ல கூர்மை.
சவரியம்மா நாற்றுமுடியோடு நிமிர்ந்தார்:
"ஏம்மா, எங்களுக்கு முதுகு மட்டுந்தானா?"

பிறகு ஐம்பதை மாட்டினேன்.
மன்னார்குடியில் பழசு, ஆறாயிரம்,
லேசாகப் பூஞ்சை, படத்தில் தெரியாது.
அதில் ஜூம் கிடையாது;
கிட்டத்தில் வேண்டுமென்றால்
நீதான் இறங்க வேண்டும்.

ஒன்று மறந்தேன்.
பட்டையைக் கழுத்தில் தொங்கவிடாதே, குறுக்கே போடு.
சேற்றில் முதல் கால் எப்போதும் வழுக்கும்,
அவர்கள் சிரிப்பார்கள்,
அதைத்தான் எடுக்க வேண்டும், உடனே.
ஷட்டர் இருநூற்றைம்பதில் இருக்கட்டும்.