ஒரு சோறு பதம்

ஹமில்டன். பார்ட்டன் வீதி கிழக்கு. பெப்ரவரி.
பதினொரு மாடிக்கும் சேர்த்து
எனக்குத் தந்திருப்பது தொண்ணூறு நிமிடம்.

படிவம் அதிகம் கேட்பதில்லை.
அணைப்பானில் இந்த வருடச் சீட்டுத் தொங்குகிறதா,
படிக்கட்டுக் கதவு தானாக மூடுகிறதா,
அலாரத்தைக் கடைசியாக எப்போது அடித்துப் பார்த்தார்கள்.
எல்லா வீட்டையும் தட்டவேண்டாம்,
மாடிக்கு ஒன்று போதும் என்பது மேலிடத்துச் சொல்.
நான் அதைத் தமிழில் வைத்திருக்கிறேன்:
ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

ஒன்பதாம் மாடியில் படிக்கட்டுக் கதவுக்கு
பாசுமதி மூட்டை ஒன்றை அண்டை கொடுத்திருந்தார்கள்.
மூட்டையை நகர்த்தினேன்.
கதவு பெருமூச்சோடு வந்து
ஒரு விரல் மிச்சம் வைத்து நின்றுவிட்டது.
ஒரு விரல்.
புகைக்கு அது கோபுர வாசல்.

904இல் கத்தரிக்காய் பொரிந்துகொண்டிருந்தது.
கூரையில், புகையுணரிக்குக்
குளியல் தொப்பி.
"சும்மா சும்மா கத்துது அக்கா" என்றாள் அந்தப் பிள்ளை.
தொப்பியைக் கழற்றச் சொன்னேன், குரலை உயர்த்தாமல்.
மீன் பொரித்த ஒரு ஞாயிறு
நானும் துவாயால் மூடியிருக்கிறேன்.
அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

905ஐத் தட்டவில்லை. 906ஐயும்.

சாவிக்கொத்தோடு முன்னால் நடந்தார் டிராகன்,
கட்டடப் பராமரிப்பாளர், முழங்கால் நோவுக்காரர்.
கொதிகலன் அறை, குப்பை அறை, மின்சார அறை,
கேட்கும் முன்பே திறந்தார்.
நிலவறையின் கடைசிக் கதவுக்கு மட்டும்
சாவி இல்லை.
"ஸ்டோர் ரூம். பழைய பெயின்ட் டப்பா.
சாவி முதலாளியிடம்."
எண்பத்தாறு நிமிடம் போயிருந்தது.
பேனையின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன்.

அப்போதுதான் வாசலில் பார்த்தேன்
பெண்கள் அணியும் பனிச்சப்பாத்து ஒரு சோடி.
விளிம்பில் பனி இன்னும் கரையவில்லை.
பெயின்ட் டப்பா எதுவும்
வெளியே போய்விட்டு வந்திருக்க வழியில்லை.

தட்டினேன். நிறைய நேரம் தட்டினேன்.
ஜஸ்லீன். இரவு வேலை முடிந்து
அப்போதுதான் படுத்தவள்.
இரண்டு மெத்தை. ஒரே நீட்டுவயரில்
சோற்றுக்குக்கரும் ஹீட்டரும்.
தலைக்கு மேலே யன்னல்,
அதற்கு வெளியே கம்பி, நான்கு ஸ்குரூ.
நான் யாரென்று அவள் கேட்கவில்லை.
"போகவேண்டுமா?" என்றுதான் கேட்டாள்.

பதம் பார்ப்பது அரிசிக்குச் சரி.
ஒரே உலை, ஒரே நெருப்பு, ஒரே தண்ணீர்.
கதவுகள் அப்படி வேகுவதில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார் என்பார்கள்.
விட்டுப் பார்த்தால்
வயர் மட்டுமா தெரிகிறது?
இரண்டு பேர் பங்குபோட்ட வாடகை தெரிகிறது,
கல்லூரிக் கட்டணத்தின் கடைசித் தேதி தெரிகிறது.
மேலோட்டமாகப் பார்த்துப் போயிருந்தால்
இன்றிரவு அவளுக்கு ஒரு மெத்தை இருந்திருக்கும்.
எத்தனை இரவுக்கு என்பதை
அந்த ஹீட்டரிடம்தான் கேட்கவேண்டும்.

பையிலிருந்த புகையுணரியை முதலில் பூட்டினேன்.
கம்பியைக் கழற்றும்வரை நகரமாட்டேன் என்றேன்.
டிராகன் பனியில் முழங்காலிட்டார்.
மூன்றாவது ஸ்குரூ துருப்பிடித்திருந்தது,
அவருடைய மொழியில் அதைத் திட்டினார்.
பிறகு எழுதினேன்:
இங்கே எவரும் உறங்கக்கூடாது.
என் கையெழுத்து எப்போதையும்விடச் சிறிதாக விழுந்தது.

எங்கே போவாய் என்று படிவம் கேட்கவில்லை.
நான் கேட்டேன்.
ஆறாம் மாடியில் ஒரு சிநேகிதி, என்றாள்.
வெறும் இரண்டு கிழமைக்கு.
மேற்கொண்டு கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை.
நகராட்சித் தொலைபேசி எண் ஒன்றை எழுதிக் கொடுத்தேன்.
அதில் எவ்வளவு நேரம் பாட்டுப் போடுவார்கள் என்று
எனக்குத் தெரியும்.

அடுத்த கட்டடத்துக்கு ஒரு மணி நேரம் பிந்தியாயிற்று.
லிஃப்டில் ஒன்பதை அழுத்தினேன்.

905இல் ஆள் இல்லை.
906இல் யாரோ
டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள்.
மறுபடி தட்டினேன்.