திரும்பும் பாதை

மேலப்பாளையத்தில் நோன்பு பிறந்ததிலிருந்து
தராவீஹ் முடிந்து அரைமணியில்
மீட்டர் திரையில் புல் முளைக்கிறது,
பத்து மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே.
நாலு தெருவுக்கு நெட் திக்குகிறது.

கம்பம் கம்பமாய்க் கழற்றிப் பார்த்தேன்.
ஆம்ப்ளிஃபயர் சுத்தம். ஸ்ப்ளிட்டர் சுத்தம்.
கடைசி டேப்பிலிருந்து ஒரு வயர்
மைதீன் பாத்து வீட்டு ஜன்னலுக்குள்.

தை மாசம், பாக்கிக்காக,
பாக்ஸைக் கழற்றிக்கொண்டு போனவன் நான்தான்.
நுனி மொட்டையாய்க் கிடக்கிறது
தையல் மெஷின் மோட்டாருக்குப் பக்கத்தில்.

படம் வராத வீடு
இரவெல்லாம் மேலே பேசியிருக்கிறது,
பெருநாள் சட்டைகளின் பாஷையில்.

"பாக்கிக்கா வந்திய?"
"இல்ல, சத்தத்துக்கு."

டேப்பில் எழுபத்தைந்து ஓம் மூடியைத் திருகினேன்.
புல் படுத்துவிட்டது.
ஏணியில் பாதி இறங்கியதும் கேட்டது,
வெறும் காதுக்கு,
மெஷின்.