இடப்பக்கம்

குதிரையின் பெயர் புல்லட்.
ஓடி யாரும் பார்த்ததில்லையாம்.
சொத்தவிளை மணலில் சவுக்கிலிருந்து
சோளம் சுடும் வண்டிவரை,
திரும்பச் சவுக்குவரை,
தலைக்கு நூறு ரூபாய்.

ஒரு வாரமாகச் சேணத்தைக் கண்டாலே கடிக்க வருகிறது.
'கொழுப்பாக்கும்' என்றார் வென்சிலாஸ்.
கால்நடை டாக்டர் படம் எடுத்துப் பார்த்து
எலும்பில் ஒன்றுமில்லை என்று எழுதி
அதற்குக் கீழே என் நம்பரை எழுதியிருக்கிறார்.
ஊசி இல்லை, தைலம் இல்லை,
பையில் ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும்.
பையை எட்டிப் பார்த்த வென்சிலாஸ்
கூலியை மனதுக்குள் பாதியாக்கியது
முகத்தில் தெரிந்தது.

வந்ததும் தொடுவதில்லை.
அதன் கண்ணுக்குப் படும்படி நிற்கிறேன்,
கடல் ஏழெட்டு முறை வந்துபோகும்வரை.
மூக்கை நீட்டி என் சட்டையை மோந்தது.
காலையில் மார்த்தாண்டத்தில்
நகைக்கடைக்காரர் வீட்டு லாப்ரடாருக்கு
இடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன்.
அதன் மயிரும்
அது திருடித் தின்ற நேந்திரங்காய் சிப்ஸின் உப்பும்
இன்னும் என்மேல் இருக்கின்றன.
நற்சான்றிதழ் என்றால் அதுதான்.

கை வைப்பது அழுத்துவதல்ல.
ஓர் ஐந்து ரூபாய்க் காசு
தோல்மேல் கிடந்தால் என்ன கனம் கனக்குமோ
அவ்வளவு.
கழுத்து. தோள்மேடு. விலா ஒவ்வொன்றாக.
இடது தோளுக்குப் பின்னால் நாலு விரற்கடையில்
தோல் வெடுக்கென்று துடித்தது,
ஈ உட்கார்ந்த மாதிரி.
ஈ இல்லை.

'எந்தப் பக்கம் நின்னு ஏத்துவிய?'
'இந்தப் பக்கந்தான். சினிமாவுல அப்படித்தான ஏறுகான்?'
ஞாயிற்றுக்கிழமை என்றால் நாற்பது பேர்.
நாற்பது இடது கால்
ஒரே வளையத்தில் தொங்கி
ஒரே பக்கமாக இழுத்து
ஒரே போட்டோவுக்குச் சிரித்து.
'சேணம் சரியாம இருக்க
நான் அந்தாண்ட தொங்கிப் பிடிச்சுக்கிடுவேன்'
என்று காட்டினார்.
அவருடைய வலது தோள்
மற்றதைவிட இரண்டு விரல் தாழ்ந்திருந்தது.

இருபது நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை.
கொல்லத்துக்காரர்கள் வந்து
'சவாரி உண்டோ?' என்று கேட்டுப் போனார்கள்.
சோளம் கருகியது.
எனக்குக் கால் மரத்தது.
பிறகு புல்லட்
தாடை கழன்றுவிடும்போல் கொட்டாவி விட்டது,
மஞ்சள் பல் அத்தனையும் காட்டி,
ஒன்றுமில்லாததை மென்று, உதடு நக்கி.

'உறக்கம் வருதோ?'
'இல்ல. விட்டுட்டு.'
'எதை?'
எனக்குத் தெரியாது. எதையோ பிடித்து வைத்திருந்தது.

அதற்குள் சோளவண்டியடி நாய்,
காது கிழிந்தது, ஒரு பின்னங்காலை
எண்ணி எண்ணி வைப்பது,
வந்து என் முழங்காலில் புட்டத்தைச் சாய்த்து
எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல்
கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது.
ஒரு கை மேலே, ஒரு கை கீழே.
இரண்டின் மூச்சும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.
நடுவில் நான்தான்
எதன் கணக்கில் மூச்சு விடுவதென்று
தடுமாறிக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் ஓய்வு என்றேன்.
'பள்ளிக்கூடம் லீவு நேரமாக்கும்.'
முட்டம் ஏலத்தில் நெய்மீன் விலை இறங்குவதுபோல்
பத்து எட்டாகி, ஆறாகி, ஐந்தில் நின்றது.
அதன்பின் ஏற ஒரு நாற்காலி போடணும்,
ஆளுக்கு ஒரு பக்கம் மாற்றி மாற்றி.

காசை எண்ணிக் கொடுத்தவர்
தோளைத் திருப்பிக் காட்டினார்.
'அப்படியே எனக்கும் ஒண்ணு பாருங்கோ.'
'மனுசங்களுக்கு நான் படிக்கல்ல.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.'
'ஓ, நான் மட்டும் மிருகம் இல்லியோ' என்று சிரித்தார்,
தோளைப் பிடித்துக்கொண்டே.

பஸ் நகர்ந்தபோது ஜன்னல் வழியே பார்த்தேன்.
டீக்கடையின் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை
வென்சிலாஸ் குதிரைக்கு வலப்பக்கம் கொண்டுபோய் வைக்கிறார்.
புல்லட் மெதுவாகச் சுற்றித் திரும்பி
இடப்பக்கத்தைக் காட்டுகிறது.
அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
மறுபடி சுற்றி வருகிறார்.
அது மறுபடி திரும்புகிறது.