இருபது லிட்டர்

சதுசாக் சந்தையில் ஒரு வியாழக்கிழமை வாங்கினேன்.
விஸ்கி தீர்ந்த தட்டைப் பாட்டில்கள்
தோளோடு தோள் நின்றன,
இடையிடையே அட்டைத் துண்டு செருகி.
அட்டையை உருவினால் போதும்,
இரண்டு பக்கமும் செவுள் விரியும், நிறம் ஏறும்.
கடைக்காரர் உருவிக் காட்டினார், உடனே செருகினார்.
"கோபம் இல்லை இது, பழக்கம்."

எங்கள் மொழியில் அதற்குப் பெயரே கடிமீன்.

நான் சென்செப் கால்வாய்ப் படகில் டிக்கெட் கிழிப்பவள்.
தலைக்கவசம் போட்டு, வெளிவிளிம்பில்
கயிற்றைப் பிடித்து நடந்தபடியே காசு வாங்குவேன்.
எந்த முழங்கை எந்த முழங்கையைப் பொறுக்கும்,
எந்த முதுகுப்பை யார் மூக்கை இடிக்கும்,
ஏறும்போதே தெரிந்துவிடும் எனக்கு.
ஒரு மீனுக்குத் துணை பார்க்கத் தெரியாதா?

தெரியவில்லை.

முதலில் கப்பி, நான்கு.
வால்தான் வினையாகிப்போனது:
விசிறி விசிறி வந்த ஒவ்வொரு வாலும்
இவனுக்கு இன்னொரு இவன்.
காலையில் மூன்று. மாலையில்
யாருக்கும் முழு வால் இல்லை.
மிச்சத்தைக் கீழே நூடுல்ஸ் கடைத் தொட்டிக்குக் கொடுத்தேன்.

அடுத்து வரிக்கெண்டை. சுறுசுறுப்பு என்றான் கடைப்பையன்.
இம்முறை கடிபட்டது இவன்.
எலி கொறித்த திரைச்சீலையாய்த் தொங்கியது வால்.
அன்றே திருப்பிக் கொண்டுபோனேன்;
பணம் தரவில்லை, பாசி தந்தார்கள்.

என்னோடு அறையில் இருப்பவள் குங்.
குங் என்றால் இறால், வீட்டில் வைத்த செல்லப்பெயர்.
தன் பெயர்க்காரர்கள் பத்துப் பேரை
ஞாயிறன்று பையில் ஏந்தி வந்தாள்.
கண்ணாடி உடம்பு, கடுகளவு கண்.
திங்கள் எட்டு. புதன் ஐந்து.
வெள்ளிக்கிழமை இவன் வயிறு உருண்டிருந்தது.
குங் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை,
நானே தின்றதுபோல.

அதன்பிறகுதான் தொட்டியைப் பார்த்தேன்.
துணை துணை என்று அலைந்தேனே,
வீட்டைப் பார்த்தேனா?
பூச்சாடி அது. ஐந்து லிட்டர்கூடப் பிடிக்காது.
கோபித்துக்கொண்டு போக ஒரு மூலை இல்லை,
ஒளிய ஓர் இலை இல்லை.

சம்பளம் வந்ததும் இருபது லிட்டர் வாங்கினேன்.
மூடி வேண்டும்: தாவுவான்.
மூடிக்கும் நீருக்கும் நடுவே நான்கு விரல் காற்று வேண்டும்:
மேலே வந்து மூச்சு வாங்குவான், நம்மைப் போல.
வடிகட்டியின் வாயில் பஞ்சு கட்டினேன்;
அவ்வளவு பெரிய வாலை இழுத்துக்கொண்டு
எதிர்நீச்சல் போட அவனென்ன படகா?
பாசிப் புதர், நாட்டுவாதுமைச் சருகு இரண்டு.
மறுநாள் தண்ணீர், பால் விடாத தேநீர்.

ஒரு நத்தை விட்டோம். ஒன்றே ஒன்று.
வரிவரியாய் ஓடு. வால் இல்லை, அவசரமும் இல்லை.
சுற்றிச் சுற்றி வந்தான்,
ஒருமுறை முட்டிப் பார்த்தான்.
நத்தை கதவைச் சாத்திக்கொண்டது.
அவ்வளவுதான் அவர்கள் பேச்சு,
இன்றுவரை அதற்குமேல் வளரவில்லை.

ஆனாலும் இரவில் செவுள் விரித்தான்.
கடைசிப் படகு முடிந்து
ஈரக் காலோடு வந்து பார்க்கிறேன்:
தொட்டிக்குள் வெளிச்சம், அறையில் இருட்டு,
கண்ணாடி நாலு பக்கமும் அவனையே காட்டுகிறது.
நாலு பேரோடு ஒருவனாய் மோதிக்கொண்டிருக்கிறான்.

குங் எழுந்து வந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
தொட்டி விளக்கை அணைத்தாள்,
அறை விளக்கைப் போட்டாள்.
நாலு எதிரிகளும் இறங்கிப் போனார்கள்.
வெளியே நின்ற நாங்கள் தெரிந்தோம் போலிருக்கிறது.
வாலை மடக்கிக் கண்ணாடியருகே வந்து
என் தலைக்கவசத்தை, அவள் தூக்கக் கண்ணை
ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தான்,
டிக்கெட் கேட்பவன்போல.