அங்குசத்தின் விலை

மஞ்சள் காலிப்பர். அதன் பின்னால்
மழை காய்ந்த பாறை நிறத்தில் தட்டு.
"கார்பன் செராமிக். வண்டியின் ஆயுசுக்கும் வரும்,"
என்கிறார் மைன்ராட்.
எந்தச் சொந்தக்காரரின் கணக்கில் என்று
நான் கேட்கவில்லை.

மலைக்கு அந்தப்புறம், டிசென்டிஸில், நான் பல் செய்கிறவள்.
பதினெட்டு வருடமாகப் பீங்கானைச் சுட்டு
அடுத்தவர் வாயில் பொருத்துகிறேன்.
அது தேயாது, தேயாது, தேயவே தேயாது,
ஒருநாள் செர்ரிக் கொட்டையில் விளிம்பு பெயரும்.

சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன்.
கண்ணை மூடி விளிம்பெங்கும் விரலை ஓட்டினேன்,
கடைவாயைத் தடவுவதுபோல.
முன் இடது, உட்பக்கம்:
அரிசி அளவில் ஒரு பொக்கை.
"டயர் மாற்றின பையன் இடித்துவிட்டான்."
எல்லா ஊரிலும்
டயர் மாற்றின பையன் ஒருவன் இருக்கிறான்.

இதன் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது,
எடைதான் சொல்லும்.
இதற்குக் கீழே இறங்கினால் தூக்கிப் போடு என்று
தட்டின் நடுவிலேயே ஓர் எண் பொறித்திருக்கிறது.
மைன்ராட்டிடம் தராசு இல்லை.
துண்டில் சுற்றி
எதிரே ரேகுலாவின் பாலாடைக்கட்டிக் கடைக்குத் தூக்கிப்போனோம்.
"எத்தனை மாதம் பழுத்தது?" என்றாள்
தராசை ஈரத்துணியால் துடைத்தபடி.
பச்சை எண்கள் தத்தளித்து நின்றன.

மிச்சம் நாற்பத்தொரு கிராம்.

யாரோ தன் ஞாயிறுகளைப்
பந்தயத் தடத்தில் கரைத்திருக்கிறார்.
மைன்ராட் சொல்லாததைத் தட்டு சொல்லிவிட்டது.
ருசி பார்க்க என்று ரேகுலா அரிந்து நீட்டிய துண்டும்
அவ்வளவுதான் இருக்கும்.
தின்றுகொண்டே யோசித்தேன்.

யானையை வாங்கிவிட்டு
அங்குசத்துக்குப் பேரம் பேசாதே என்பார்கள்.
இங்கே யானை பழசு, பாதி விலை.
அங்குசம் புதுசாகத்தான் வாங்க வேண்டும்,
நான்கும் சேர்ந்தால் இன்னொரு யானை.

"நாளை சொல்கிறேன்."

ஓபரால்ப் ஏறி இறங்கினேன் என் பழைய வண்டியில்.
ஐந்தாவது வளைவில் வழக்கமான வாடை,
காய்ந்த இரும்பு, கொஞ்சம் பயம்.
கியரை ஒன்று குறைத்தேன். வாடை போயிற்று.
மலையில் பசு ஒன்று
சாலை நடுவே நின்று என்னைப் பார்த்தது.
நின்றேன். இரும்பு நின்றது.

செட்ருனில் ஓரம் கட்டி அழைத்தேன்:
"வண்டி எனக்கு. பீங்கானைக் கழற்றிக்கொண்டு
விலையைக் குறையுங்கள். இரும்பு போட்டுத் தாருங்கள்."

நெடுநேரம் மௌனம்.
பிறகு, கடைசி அஸ்திரமாக:
"தூசி படியும், தெரியுமா? சக்கரம் கறுத்துவிடும்."

"பரவாயில்லை," என்றேன்,
"பட்டறையில் டூத் பிரஷ் நிறைய இருக்கிறது."