இருபது நிமிஷம்

ராமநாதபுரம் லேப்பில் இரண்டு கவர் கொடுத்தார்கள்.
என்னுடையதில் வைட்டமின் டி: எட்டு.
முப்பதாவது இருக்கணுமாம்.
"மண்டபத்திலிருந்து வர்றீங்க,
வெயிலுக்கா பஞ்சம்?"
சிரித்தது அந்தப் பிள்ளை.

பஞ்சம்தான் தங்கச்சி.
விடியுமுன் கம்பெனி வேன்.
ஜன்னலில்லாத ஷெட், டியூப்லைட்,
மணிக்கட்டுவரை ஐஸ் தண்ணீர்.
இறால் தலை கிள்ளிக் கிள்ளி
வெளியே வருகையில்
பாம்பன் பக்கம் விளக்கெரியும்.
பத்தொன்பது வருஷமாய்
ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும்போதுதான்
சூரியனைப் பார்க்கிறேன்,
அதுவும் முக்காட்டுக்குள்ளிருந்து.

"வயசே தெரியலையே மதினி, என்ன பூசுறீக?"
கல்யாண வீடுகளில் கேட்பார்கள்.
ஐஸில் கிடக்கும் மீனுக்கும்
வயசு தெரியாது.
மாடிப்படி ஏறச் சொல்லிப் பாருங்கள் என்னை.
இடுப்பெலும்புக்குள் யாரோ
ஈர மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கும்.

மற்ற கவரில்
இன்னாசிமுத்து, ஆண், ஐம்பத்தொன்று.
எழுத்தில்தான் படித்தேன்,
அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை.
கீழுதட்டில் ஒரு புண்.
நண்டு கடித்தது என்றார்,
பிறகு பீடி சுட்டது என்றார்.
ஏழு மாதம் ஆறாத நண்டுக்கடி உண்டா?
வள்ளத்தில் நிற்பவனுக்கு
மேலே ஒரு சூரியன்,
தண்ணீருக்குள்ளிருந்து இன்னொன்று.
பிடரியெல்லாம் வெடித்த களர்நிலம்.
ஒருமுறை பேங்கில்
என்னைக் காட்டி "மகளா?" என்று கேட்டார்கள்.
அன்றைக்கு வீடுவரை
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

டாக்டர் என்னிடம்,
"பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில்
கை கால் படும்படி இருபது நிமிஷம் நில்லுங்கள்,
வாரம் ஒரு மாத்திரை."
அதே மூச்சில் அவரிடம்,
"அந்த நேரம் வெயிலில் தலைகாட்டாதீங்க.
மதுரையில் வெட்டி எடுத்துரலாம்,
சின்னதாய் இருக்கும்போதே வந்தீங்க."

"என் பங்கை இவளுக்கு
மாத்திவிட முடியாதா டாக்டர்?"
என்றார் அவர்.
யாரும் சிரிக்கவில்லை.

இப்போது சாப்பாட்டு மணி அடித்ததும்
ரெண்டு வாய் அள்ளிப்போட்டுவிட்டு
ஐஸ் மெஷினுக்குப் பின்னால் போகிறேன்,
காகங்கள் இறால் ஓடு பொறுக்கும் இடத்துக்கு.
கோட்டைக் கழற்றி, ரவிக்கைக் கையைச் சுருட்டி,
செல்போனில் நேரம் வைத்து,
குற்றம் செய்தவள்போல்
சுவரோரம் நிற்கிறேன்.
"தங்கப்புஷ்பத்துக்கு என்ன ஆச்சு?" என்று
ஜூலியானா எட்டிப் பார்க்கிறாள்.

வியாழக்கிழமை அவர் வந்தார்.
உதட்டில் தையல், பேச முடியாது.
வாட்ச்மேனிடம் கையைக் காட்டிவிட்டு
கறுப்புக் குடையோடு பக்கத்தில் வந்து நின்றார்.
பழக்கத்தில்
குடையை என் பக்கம் சாய்த்தார்.

நான் ஓரடி தள்ளி நின்றேன்.
இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது.